கல் வந்த இடத்தில் நின்ற பட்டியல்

டூகல் தன் வலது கையை நம்புவதை நிறுத்தியது மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு நைரியும் காரணம், நானும் காரணம். நைரி தன் பங்கை உடனே எழுத்தில் ஒப்புக்கொண்டாள். எனக்கு அதற்கு மேல் மூன்று நாள் பிடித்தது.

டூகல் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பிறகு அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டதால் மச்சான் ஆனான். ப்ளஃப் துறைமுகத்தில் 'டோரத்தி ஜீன்' என்ற சிப்பிப் படகுக்கு அவன்தான் ஸ்கிப்பர், அதாவது கேப்டன். நைரி அவன் மனைவியின் தங்கை. பக்கத்து நகரமான இன்வர்கார்கிலில் ஒரு மின்சாரக் கம்பெனியில் மீட்டர்களுக்கு நிரல் எழுதுகிறாள். என் பெயர் லாக்லன், ஊருக்கு லாக்கி. படகுகளில் மின்சார வேலை பார்க்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கம்ப்யூட்டரைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் இன்னும் சீக்கிரம் வரும். அப்படிப்பட்ட நான் ஒரு கம்ப்யூட்டர்காரியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதில் விஷயம் இருக்கிறது.

விபத்து மார்ச் கடைசியில் நடந்தது. கடலடியில் சிப்பி வாரும் இரும்புக் கூடையை, கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச் மேலே தூக்கிக்கொண்டு வந்தது. கூடை படகின் விளிம்புக்கு வந்ததும் டூகல் லீவரை நடுவுக்குத் தள்ளினான், வின்ச் நின்றது. பதினைந்து வருடமாக அவனோடு கடலுக்குப் போகிற ராவிரி, சேற்றைக் கழுவும் பம்பை ஒரு கையால் போட்டபடியே மறு கையால் கூடையின் கம்பியைப் பிடித்தான். வின்ச் மறுபடியும் இழுத்தது. ராவிரியின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின.

லீவரை நடுவில்தான் வைத்தேன் என்று டூகல் அன்றே சொன்னான், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். ராவிரியின் கண் கம்பி மேல் இருந்தது. அவன் லீவரைப் பார்க்கவில்லை. காப்பீட்டுக்காரர்கள் ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் வின்ச்சை அரை நாள் ஓட்டிப் பார்த்தார். லீவர் நடுவில் இருந்தால் நின்றது, இழுப்பில் இருந்தால் இழுத்தது. ஆகவே லீவர் இழுப்பில் இருந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். உரிமம் கொடுக்கிறவர்கள் நடத்தும் விசாரணையிலும் அப்படியே முடிவானால் டூகலின் ஸ்கிப்பர் உரிமம் போய்விடும். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது, கடலைத் தவிர வேறு வேலை தெரியாது.

வின்ச்சை நடத்துகிற பெட்டியைச் செய்தது இரண்டு பேர் நடத்திய ஒரு சின்னக் கம்பெனி. அது மூடி எட்டு வருடம் ஆகிறது. ஒருவர் செத்துப்போனார், மற்றவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் எழுதிய நிரல் யாரிடமும் இல்லை. மிஞ்சியது பெட்டிக்குள் இருக்கும் சில்லில் பதிந்த எண்கள் மட்டும்தான். நான் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து, சில்லுக்குக் கிளிப் மாட்டி, அந்த எண்களை அப்படியே ஒரு கோப்பில் இறக்கினேன். முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் எண்கள். எனக்கு அதில் ஒன்றுகூடப் புரியவில்லை. நைரியைக் கூப்பிட்டேன்.

அவள் சனிக்கிழமை காலையில் என் பட்டறைக்கு வந்தாள். கோட்டைக் கழற்றும் முன்பே நிபந்தனை போட்டாள்.

"ஒண்ணு சொல்லிடறேன் லாக்கி அண்ணே. உள்ள என்ன இருந்தாலும் விசாரணைக்கு அனுப்பிடுவேன். நமக்குச் சாதகமா வந்தா மட்டும் அனுப்புன்னு சொல்றதா இருந்தா இப்பவே கெளம்பறேன்."

"சாதகமாத்தான் வரும். தாராளமா அனுப்பு" என்றேன். வாய் யாரைக் கேட்டுக்கொண்டு பேசுகிறது.

அவளுக்குத் தேவைப்பட்டது, இயந்திரத்துக்கான எண்களை மனிதர் படிக்கும் கட்டளைகளாகப் பிரித்துக் காட்டும் ஒரு நிரல் நூலகம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரு பைசா வாங்காமல் எழுதி வைத்திருக்கிறார்களாம். அது சி மொழியில் இருக்கிறது. நைரி எழுதுவது பைத்தானில். நடுவே இரண்டு பாஷையும் தெரிந்த ஒன்று வேண்டும். அதன் பெயர் பைண்டிங்.

"அது என்ன செய்யும்?"

"நான் பைத்தான்ல கேப்பேன். அது உள்ள போய் சி-ல கேட்டு, வர்ற பதிலை எனக்குப் புரியற மாதிரி கொண்டாந்து குடுக்கும்."

"எனக்கும் என் மாமியாருக்கும் நடுவுல என் பொண்டாட்டி மாதிரி."

"அவங்க பாதியை முழுங்கிடுவாங்க. இது முழுங்காது."

என் பட்டறைக் கம்ப்யூட்டரில் ஒரே வரியில் நிறுவிவிட்டாள், அரை நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். இவ்வளவு இல்லை. வந்து இறங்கியது பழைய பதிப்பு. எங்கள் பெட்டியில் இருந்த சில்லின் வகை அதற்குத் தெரியவில்லை. நைரி புதிய பதிப்பின் மூல நிரலையே இறக்கி, என் கம்ப்யூட்டரில் வைத்து, ஓடுகிற நிரலாகக் கட்ட ஆரம்பித்தாள். என் கம்ப்யூட்டர் உப்புக்காற்று தின்று வளர்ந்தது. அது முக்கி முனகி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் நாங்கள் ஆளுக்கு மூன்று சீஸ் ரோல் தின்று முடித்தோம்.

பிறகு ஓட்டினாள். ஒரு வரி வந்து நின்றது.

"என்னவாம்?"

"எஞ்சின், அதான் அந்த நூலகம், புதுசு. பைண்டிங் பழசு. ரெண்டும் வேற வேற பதிப்பு, அதனால பேச மாட்டேன்னு சொல்லுது."

"திமிரைப் பாரு."

"திமிர் இல்லண்ணே. ஒத்துப்போகாத ரெண்டையும் கட்டி ஓட்டினா தப்புத் தப்பாப் படிச்சுக் காட்டும். நாமளும் நம்பிடுவோம். அதுக்கு வாயை மூடிக்கறது மேல்னு எழுதினவங்க யோசிச்சிருக்காங்க."

எனக்கு அது பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை இந்தத் துறைமுகத்தில் வலை போட்டுத் தேட வேண்டும். நைரி பழைய பைண்டிங்கைத் துடைத்து எடுத்துவிட்டு, புதிய எஞ்சினோடு கூடவே வந்திருந்த பைண்டிங்கை நிறுவினாள். அப்போதும் நேராக எங்கள் கோப்புக்குப் போகவில்லை. சில்லின் கையேட்டிலிருந்து ஐந்தாறு எண்களை எடுத்து, அவற்றுக்கு என்ன பொருள் என்று கையேட்டிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, அதையே கேட்டாள். சரியான பதில் வந்தது.

"தெரிஞ்ச பதிலை ஏன் கேக்கறே?"

"தெரிஞ்சதுல பொய் சொல்லுதான்னு பாத்துட்டுத்தானே தெரியாததைக் கேக்கணும்."

அதன் பிறகுதான் எங்கள் கோப்பைக் கொடுத்தாள். திரையில் வரிகள் வரத் தொடங்கின. இதை எடு, அதோடு கூட்டு, பூஜ்யமா பார், பூஜ்யமானால் அந்த இடத்துக்குப் போ. பக்கம் பக்கமாக வந்தது. நான் முப்பது வருடமாக இந்த மாதிரிப் பெட்டிகளைக் கழற்றி மாட்டுகிறேன். உள்ளே என்ன நினைக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. செத்துப்போன ஒருவர் உட்கார்ந்து யோசித்தது வரிவரியாக என் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நைரியோ, இதெல்லாம் தினமும் நடக்கிற காரியம் போல, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டியல் ஓரிடத்தில் முடிந்தது. மிச்சம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள்.

"மிச்சம் காலியா இருக்கும். இந்த மாதிரிப் பெட்டிங்கள்ல பாதிக்கு மேல காலிதான்" என்றேன். நான் பார்த்த பெட்டிகள் அப்படித்தான் இருந்தன. அவள் தலையாட்டினாள்.

பட்டியலை அச்செடுத்து மூன்று வார இறுதிகள் படித்தாள். எங்கிருந்து எங்கே தாவுகிறது என்று கலர் பென்சிலால் கோடு போட்டாள். யாரும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. மே மாதத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை டூகல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"மாமா, மெஷின்ல தப்பு இல்லை. லீவர் இழுன்னு சொல்லாம வின்ச் ஓடற மாதிரி ஒரு கட்டளைகூட அதுல இல்லை. அறிக்கையை இன்னிக்கு அனுப்பிட்டேன். நீங்க வேற யார் வாயாலயும் கேக்க வேண்டாம்னு வந்தேன்."

டூகல் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். "நீ படிச்சா சரியாத்தான் இருக்கும்மா" என்றான்.

நான் அவளை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கத்தினேன். "யாரு உன்னைக் கேட்டா? சொந்த அக்கா புருஷன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு வந்து நிக்கறே."

"கேட்டதே நீங்கதான் அண்ணே" என்றாள். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அன்று அவள் மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவள் செய்ததை நான் செய்திருக்க மாட்டேன் என்பதும் அன்றே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு டூகல் மாறிப்போனான். என் பட்டறை மேட்டுத்தெருவில், நல்ல சரிவில் இருக்கிறது. வண்டியை வாசலில் நிறுத்தி இறங்குவான், நாலு அடி வைப்பான், திரும்பிப் போய்க் கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பான். மறுபடி வருவான், மறுபடி போவான். ஒரு நாள் எண்ணினேன், ஐந்து தடவை. வீட்டிலும் அப்படித்தான், அடுப்புக் குமிழை ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கிறார் என்று அவன் மனைவி என் மனைவியிடம் அழுதாள். லீவரை நடுவில் தள்ளியது அவன் கைக்கு நினைவிருக்கிறது. நடக்கவில்லை என்று நைரி படித்துச் சொல்கிறாள். இரண்டில் அவன் நைரியை நம்பினான்.

நம்பினதோடு விடவில்லை. ராவிரியின் வீட்டுக்குப் போய், "தப்பு என் மேலதான், உன் கையை நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறான். ராவிரி ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தினானாம். பதினைந்து வருடத்தில் அவன் டூகலுக்குக் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

விசாரணை ஒரு வியாழக்கிழமைக்குக் குறித்திருந்தார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை நைரி பட்டறைக்கு வந்திருந்தாள், அச்செடுத்த தாள்களை எடுத்துப்போக. நானும் அவளும் அதுவரை முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து டூகல் வந்தான். கைப்பிரேக்குக்கு மூன்று தடவை போய்வந்த பிறகு உள்ளே வந்து ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தான்.

"சாட்சிக் கையெழுத்துப் போடு மாப்ளே."

படித்தேன். உரிமத்தைத் தானாகவே திருப்பிக் கொடுக்கிறேன், விசாரணை தேவையில்லை என்று எழுதியிருந்தான்.

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாதா உனக்கு? அவங்க புடுங்கறதுக்கு முன்னாடி நீயே கழட்டிக் குடுக்கறியா?"

"எனக்கே தெரியலையே மாப்ளே, கை என்ன செஞ்சுதுன்னு. நாளைக்கு வேற எவன் கையாவது போச்சுன்னா?" என்றான். பிறகு நைரியைப் பார்த்து, "குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதைப் பாத்துடறேன்மா. எனக்கு ஒண்ணும் புரியாது, சும்மா காட்டு" என்றான்.

நைரி கம்ப்யூட்டரைப் போட்டாள். பட்டியலை மேலிருந்து ஓடவிட்டாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, வானிலை அறிக்கை பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தான். கடைசி வரி வந்தது.

"இதுக்கு அப்புறம்?"

"அவ்வளவுதான் மாமா. அடுத்த எண் அதுக்குப் புரியலை. அங்கயே நின்னுடுச்சு."

"ஒண்ணு புரியலைன்னா நின்னுடுமா?"

"ம்."

டூகலுக்கு இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "கூடையைக் கொட்டினா சிப்பி மட்டுமா வருது? கல்லு, வெத்துக் கூடு, சேறு எல்லாம் வரும். கல்லைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு அடுத்ததை எடுக்கணும். ஒரு கல்லு வந்திச்சுன்னு கையைக் கட்டிட்டு நிக்கிறவனை நான் படகுல ஏத்த மாட்டேன்மா."

நைரி சிரிக்கவில்லை. கடைசி வரியின் எண்ணைப் பார்த்தாள், கோப்பின் அளவைப் பார்த்தாள். முப்பத்திரண்டாயிரத்தில் பதினோராயிரம்தான் படித்திருந்தது. கோப்பை எண்களாகவே திறந்து அந்த இடத்துக்குக் கீழே போனாள். நான் சொன்ன காலியிடம் அங்கே இல்லை. எண்கள், எண்கள், இன்னும் எண்கள்.

"காலின்னு சொன்னீங்களே அண்ணே" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைச் சுட்டது.

"சொன்னேன்."

"நான் பாத்திருக்கணும். சொன்னது நீங்க, பாக்காம விட்டது நான்."

பைண்டிங்கின் விளக்கக் குறிப்பைத் திறந்தாள். அதில் இருந்தது, ஒளிவு மறைவு இல்லாமல் எழுதியே இருந்தது: புரியாததைச் சந்தித்தால் நின்றுவிடும், நிற்காமல், புரியாததைத் தள்ளிவைத்துவிட்டு மேலே போக வேண்டுமானால் இந்த ஒன்றை 'ஆம்' என்று மாற்று. நைரி ஒரே ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினாள்.

பட்டியல் பழைய இடத்துக்கு வந்தது. நாற்பது ஐம்பது வரிகளுக்கு, இது கட்டளை இல்லை, இது கட்டளை இல்லை என்று தள்ளிக்கொண்டே போனது. லீவர் எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு வேகம் என்ற அட்டவணையாம் அது, வெறும் எண்கள். அதைத் தாண்டியதும் கட்டளைகள் மறுபடி தொடங்கின. பத்துப் பக்கம், இருபது பக்கம், நிற்கவே இல்லை.

நைரி சில்லின் கடைசி எண்களைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். மின்சாரம் வந்ததும் முதலில் எங்கே போக வேண்டும் என்ற முகவரி அங்கேதான் இருக்குமாம். அந்த முகவரி, படிக்காமல் விட்ட பகுதிக்குள் இருந்தது. "மொதல்ல பாக்க வேண்டியது இது. மேல இருந்து வரிசையாப் படிச்சுட்டு இருந்திருக்கேன், பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள் மத்தியானம் வரை நிமிரவில்லை. டூகலும் நகரவில்லை. கையெழுத்துக் கேட்ட காகிதத்தின் மேல் நான் தேநீர்க் கோப்பையை வைத்தேன், அவன் ஆட்சேபிக்கவில்லை.

மத்தியானம் அவள் சொன்னது இதுதான். பெட்டி, தான் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை ஐந்து விநாடிக்கு ஒரு தடவை குறித்து வைக்கிறது. மின்சாரம் ஒரு கணம் விழுந்து எழுந்தால், லீவரைப் பார்ப்பதில்லை. அந்தக் குறிப்பைப் பார்த்து, விட்ட வேலையைத் தொடர்கிறது. கூடையைத் தூக்கும்போது மின்சாரம் தடுமாறினால் கூடை கடலில் விழுந்துவிடக் கூடாது என்று எழுதினவர் நினைத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் லீவரை நடுவில் வைத்து ஐந்து விநாடிக்குள் மின்சாரம் விழுந்தால், குறிப்பில் இன்னும் 'இழு' என்றுதான் இருக்கும்.

"அப்போ லீவர் நடுவுல இருந்தாலும் இழுக்கும்" என்றான் டூகல்.

"இழுக்கும் மாமா. ஆனா அன்னிக்கு அந்த நேரத்துல கரண்ட் எதனால விழுந்திருக்கும்னுதான் தெரியலை."

எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் 'மின்சாரம் தடுமாறினால்' என்று சொன்னபோதே தெரிந்துவிட்டது. கையில் ஒரு சீஸ் ரோல் இருந்தது. அதை முழுதாகத் தின்று முடிக்கும் வரை நான் பேசவில்லை. யாரு உன்னைக் கேட்டா என்று அவளைப் பார்த்துக் கத்திய வாய் இதுதான். இப்போது என்னையும் யாரும் கேட்கவில்லை.

"கழுவுற பம்பு" என்றேன். "போட்ட உடனே நிறையக் கரண்ட் இழுக்கும். வின்ச் பெட்டி இருக்கிற அதே லைன்லதான் இருக்கு. பிப்ரவரியில நான்தான் மாட்டினேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். டூகல்தான் முதலில் பேசினான். "மாட்டச் சொன்னது நான். தனி லைன் இழுக்க ரெண்டு நாள் ஆகும்னு நீ சொன்னே, சீசன் தொடங்கிடும்னு நான்தான் கேக்கலை." அவன் அப்படிப்பட்டவன். அதனால்தான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை படகைத் துறையில் கட்டியபடியே சோதித்தோம். பெட்டியை நான் திரும்ப மாட்டியிருந்தேன். நைரி, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, ராவிரியையும் அழைத்திருந்தாள். வலது கையில் கட்டோடு, யாரையும் பார்க்காமல் வந்து தளத்தில் நின்றான். நடந்ததை அவள் அவனுக்குச் சொன்னாள். தன் முதல் அறிக்கை தப்பு என்பதில் தொடங்கினாள்.

"பம்பை நான் போடறேன்" என்றான் ராவிரி. "அன்னிக்கும் நான்தானே போட்டேன்."

கம்பியில் வெற்றுக் கூடை. சுற்றிலும் யாரும் நெருங்காதபடி கயிறு கட்டியிருந்தேன். டூகல் லீவரை இழுப்பில் வைத்தான், கூடை எழுந்தது, லீவரை நடுவுக்குத் தள்ளினான். வின்ச் நின்றது. அவன் சட்டென்று பின்னால் மூன்று அடி நகர்ந்து இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். ராவிரி உடனே இடது கையால் பம்பின் சுவிட்சைத் தட்டினான். விளக்குகள் ஒரு கணம் மங்கின. வின்ச் உறுமிக்கொண்டு இழுத்தது. லீவர் நடுவில் நின்றது நின்றபடி இருக்க, கூடை விளிம்பில் மோதி மேலே ஏறியது.

நான் மின்சாரத்தைத் துண்டித்தேன். டூகல் வலது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ராவிரி அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"நீயா வந்து தப்பு என்னுதுன்னு சொன்னியே, அதைத்தான்யா என்னால பொறுக்க முடியலை" என்றான். "நீ லீவரை விட்டுட்டு நிக்கிற ஆளு இல்லைன்னு எனக்குத் தெரியும். உனக்கே தெரியலையேன்னு கதவைச் சாத்தினேன்."

"அப்போ அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல."

"கை வலியில எங்க சொல்றது."

நான் என் பங்கை ராவிரியிடம் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, விரல் சரியானதும் அறைவதாகச் சொன்னான். அது பாக்கி இருக்கிறது.

நைரி ஞாயிறு மத்தியானமே இரண்டாவது அறிக்கையை அனுப்பினாள். அதை நான் படித்தேன். வின்ச் பற்றித் தொடங்கவில்லை. முதல் வரி இப்படி இருந்தது: 'என் முதல் அறிக்கை தவறு, பாதியில் நின்ற பட்டியலை முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டேன், நூலகம் தவறு செய்யவில்லை, அதன் குறிப்பை நான் படிக்கவில்லை.' காலியாக இருக்கும் என்று சொன்ன என் பெயரை அதில் எங்கும் காணவில்லை. படிப்பு, கெட்டிக்காரத்தனம் எல்லாம் நிறையப் பேரிடம் இருக்கிறது. முதல் வரியில் அதை எழுதுகிற மனசு எனக்குத் தெரிந்து இவளிடம்தான் இருக்கிறது. புதன்கிழமை நானும் விசாரணைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: பம்பு, லைன், பிப்ரவரி, காலி என்று சொன்னது, எல்லாம். நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டு, அவளைப் போலவே முதல் வரியில் தப்பை வைத்த பிறகு மிச்சம் தானாக வந்தது.

வியாழக்கிழமை விசாரணை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. டூகலின் உரிமம் அவனிடமே இருக்கிறது. அந்த வகைப் பெட்டி உள்ள படகுகள் அதை மாற்றும் வரை கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவானது. எங்கள் துறையில் மட்டும் இன்னும் இரண்டு படகுகளில் இருந்தது. எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை டூகல் புதுப் பெட்டி விஷயமாகப் பேச வந்தான். நைரியும் அங்கே இருந்தாள், என் கம்ப்யூட்டரிலிருந்து பழைய பதிப்புகளைத் துடைக்கிறேன் என்று. ஜன்னல் வழியாக இரண்டு பேரும் பார்த்தோம். வண்டியைச் சரிவில் நிறுத்தினான். கைப்பிரேக்கை இழுத்தான், இறங்கினான், கதவைச் சாத்தினான். அவன் நேராக உள்ளே வந்து சீஸ் ரோல் இருக்கிறதா என்று கேட்டான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.